இரண்டு ஏ4 தாள் கனமுள்ள விசை: இதயத் தமனியின் 3டி படமும் அதை வைத்துப் போடும் கணக்கும்

கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும். அப்பாவுக்கு வயது 61. மாடி ஏறும்போது லேசாக நெஞ்சு பிடித்ததால் சிடி ஆஞ்சியோ எடுத்திருக்கிறீர்கள். இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் எல்ஏடி தமனியில் 30–40% அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் இணையத்தில் தேடியபோது, தமனியை 3டியில் கட்டி, இரத்தம் ஓடும்போது அதன் சுவரில் விழும் விசையைக் கணக்கிட்டால் எந்த அடைப்பு பிற்பாடு வெடித்து மாரடைப்பைக் கொண்டுவரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று படித்திருக்கிறீர்கள். உண்மையா, அப்பாவுக்கும் அதைச் செய்துவிடலாமா என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை. பாய்ம இயக்கவியல் படித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடும் பக்கத்தில் சில வருடம் உட்கார்ந்திருந்தவன். அதனால் மருந்து பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அந்தக் கலர் கலரான 3டி படம் எப்படி வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்குச் சின்னப் பதில்: பின்னால் இருக்கும் அறிவியல் உண்மையானது, ஐம்பது வருடத்துக்கு மேல் வயதானது. ஆனால் அந்த விசையை யாரும் அளப்பதில்லை. தமனியின் வடிவத்தைப் படம் பிடித்து, அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறோம். படத்தில் இருக்கிற பிழை அப்படியே வராது, பல மடங்காகப் பெருகி வரும். எங்கே மாட்டுகிறது என்பது புரிந்தால் அப்பா விஷயத்தில் நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 30–40%. சதவீதம் என்றதும் எல்லோரும் பரீட்சை மார்க் மாதிரி பார்க்கிறோம், 90 என்றால் ஆபத்து, 40 என்றால் தப்பித்தோம். 1988இல் அமெரிக்காவில் ஒரு குழு, மாரடைப்பு வருவதற்கு முன்பே வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ எடுத்திருந்த 29 பேரின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தது. 19 பேருக்கு, பின்னால் முழுதாக அடைத்துக்கொண்ட தமனியில் முதல் படத்தில் இருந்தது 50%க்கும் குறைவான அடைப்பு. இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், இதில் ஒரு எண்ணிக்கை விளையாட்டும் இருக்கிறது. ஒருவர் உடம்பில் சின்ன அடைப்புகள் பல இருக்கும், பெரியது ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதனால் மொத்தத்தில் சின்னதிலிருந்து வரும் மாரடைப்பு அதிகமாகத் தெரியும். தனித்தனியாக எடுத்தால் பெரிய அடைப்புதான் இன்னும் ஆபத்து. இருந்தாலும், பத்து சின்ன அடைப்புகளில் ஒன்று மட்டும் ஏன் வளர்கிறது, மற்ற ஒன்பதும் ஏன் வருடக்கணக்கில் சும்மா கிடக்கின்றன என்ற கேள்விக்குச் சதவீதத்தில் பதில் இல்லை. இந்த விசைக் கதைக்குள் ஆட்கள் வந்ததே அந்தக் கேள்வியால்தான்.

இன்னொரு சங்கதி. 1987இல் சிகாகோவில் சீமோர் கிளகோவ் குழு காட்டியது: கொழுப்புத் திட்டு வளரும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது, சுவருக்குள் திட்டு சுமார் 40% பரப்பை அடைக்கும் வரை இரத்தம் ஓடும் வழி பெரிதாகச் சுருங்குவதே இல்லை. சாதா ஆஞ்சியோ காட்டுவது சாயம் ஓடும் வழியை மட்டும்தான். அதாவது வழியைப் பார்த்தால் போதாது, சுவரையும் பார்க்க வேண்டும்.

சரி, விசைக்கு வருவோம். ஓடும் இரத்தம் தமனிச் சுவரில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று வெளியே தள்ளும் அழுத்தம், பிபி என்று கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோமே, அது. 120 என்றால் சுமார் 16,000 பாஸ்கல். இன்னொன்று, ஓடுகிற போக்கில் சுவரை இழுத்துத் தேய்த்துக்கொண்டு போகும் விசை. பள்ளிப் பாடத்தில் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்று போட்டிருப்பார்கள், லேபில் எல்லோரும் ஷியர் ஸ்ட்ரெஸ் என்றுதான் சொல்வோம், நானும் இங்கே ஷியர் என்றே எழுதுகிறேன். இதயத் தமனியில் இது சாதாரணமாக 1இலிருந்து 2.5 பாஸ்கல் வரை இருக்கும். எவ்வளவு சின்னது என்று பார்க்க வேண்டுமானால், மேசையில் இரண்டு ஏ4 தாளை வையுங்கள். அந்தத் தாள்கள் மேசையை அழுத்துவது ஏறக்குறைய 1.6 பாஸ்கல். அவ்வளவுதான். பிபியோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சின்ன விசை என்ன செய்துவிடும்? சுவரை உடைக்காது, கிழிக்காது. ஆனால் தமனியின் உட்புறம் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் செல்களுக்கு இந்த இழுப்பு நன்றாகத் தெரியும். ஒரே திசையில் நல்ல வேகத்தில் இரத்தம் ஓடும் இடத்தில் அந்தச் செல்கள் ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு, வரிசையாகப் படுத்துக்கொள்ளும், நைட்ரிக் ஆக்சைடு சுரந்து சுவரை இளக்கமாக வைத்திருக்கும். ஓட்டம் மந்தமாகவோ முன்னும் பின்னும் ஊசலாடுவதாகவோ இருந்தால் அதே செல்கள் வரிசை கலைந்து, இடைவெளி விட்டு, கெட்ட கொழுப்பை உள்ளே விடத் தொடங்கும், வெள்ளை அணுக்கள் ஒட்டிக்கொள்ளப் பசையான புரதங்களை மேற்பரப்பில் நீட்டும். 1999இல் வந்து இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு கட்டுரை, 1.5 பாஸ்கலுக்கு மேல் பாதுகாப்பு, 0.4க்குக் கீழே நோய்க்கு அழைப்பு என்று தோராயமாகக் கோடு போட்டது.

ஆற்றை வைத்து இதை விளக்குவார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறு வளையும் இடத்தில் உட்கரையில் தண்ணீர் மந்தமாகி மணல் சேரும், வெளிக்கரையை அரிக்கும். தமனியிலும் வளைவின் உட்பக்கமும், கிளை பிரியும் இடத்தில் பிரிப்புக்கு எதிர்ப்புறச் சுவரும்தான் திட்டு விரும்பி உட்காரும் இடங்கள். இடம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் காரணம் பொருந்தாது. மணல் மாதிரி கொழுப்பு மேலே வந்து படிவதில்லை. செல்கள் கதவைத் திறந்துவிடுவதால் சுவருக்கு உள்ளே போய்ச் சேர்கிறது. 'குழாயில் கசடு படிந்திருக்கிறது, கழுவிவிட்டால் போதும்' என்று சொல்லி லேகியம் விற்பவர்கள் பிழைப்பதே இந்த ஒரு குழப்பத்தில்தான்.

இந்தத் துறை ஆரம்பித்ததே ஒரு சண்டையில். 1968இல் டொனால்ட் ஃபிரை என்ற அமெரிக்கர், நாய்களின் பெருந்தமனியில் ஷியரை ஏற்றிப் பார்த்து, சுமார் 40 பாஸ்கலைத் தாண்டினால் உட்சுவர் செல்கள் சிதைகின்றன என்று காட்டினார். அப்படியானால் அதிக விசைதான் வில்லன் என்று தோன்றும் இல்லையா? அடுத்த வருடமே லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் காரோவும் கூட்டாளிகளும் மனிதத் தமனிகளில் ஆரம்பகாலத் திட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, நேர் எதிராக, விசை குறைந்த இடத்தில்தான் நோய் வருகிறது என்றார்கள். பிற்பாடு வந்த சான்றுகள் பெரும்பாலும் காரோ பக்கம் நின்றன. ஆனால் ஃபிரை முழுக்கத் தோற்கவில்லை, அவர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறார், கீழே சொல்கிறேன்.

உயிரோடிருக்கும் ஒருவரின் இதயத் தமனியில் இதைப் பார்ப்பது எப்படி? கழுத்துத் தமனி நேராக, தோலுக்கு அருகே, அசையாமல் இருக்கும், அல்ட்ராசவுண்ட் வைத்தே நிறையச் செய்யலாம். இதயத் தமனி 3 மில்லிமீட்டர் விட்டம், வளைந்து நெளிந்து, நிமிடத்துக்கு எழுபது தடவை துள்ளுகிறது. 1990களில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் ஒரு குழு இதற்கு வழி கண்டது. தமனிக்குள் சின்ன அல்ட்ராசவுண்ட் குழாயை விட்டு, அதை நொடிக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தால் குறுக்குவெட்டுப் படங்கள் வரிசையாகக் கிடைக்கும். ஐவஸ் என்று சொல்வது இதைத்தான். சுவரும் தெரியும், வழியும் தெரியும். ஆனால் அந்த வெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நேரான குழாய்தான் வரும், வளைவு வராது. வளைவு இல்லாவிட்டால் ஷியர் கணக்கே பொய். அதனால் அதே நேரத்தில் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே ஆஞ்சியோ எடுத்து, குழாய் போன பாதையை முப்பரிமாணத்தில் கண்டுபிடித்து, வெட்டுகளை அந்தப் பாதையில் முத்து கோர்ப்பது போலக் கோர்த்தார்கள். ஒவ்வொரு முத்தும் எவ்வளவு திரும்பி உட்கார வேண்டும் என்பது தனித் தலைவலி, ஏனென்றால் ஐவஸ் குழாய்க்குத் தான் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தெரியாது. அதற்கும் கணக்கு எழுதினார்கள். இதயத்துடிப்பின் ஒரே கட்டத்தில் எடுத்த படங்களை மட்டும் ஈசிஜியை வைத்துப் பொறுக்கி எடுத்தார்கள். இந்த முழு முறைக்கும் ஆங்கஸ் என்று பெயர். இன்றைக்கு அலட்டாமல் '3டி மாதிரி' என்கிறோம், அந்தக் காலத்தில் ஒரு தமனிக்குச் செலவான உழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வரும்.

இப்போது ஐவஸுக்குப் பதிலாக ஓசிடி என்ற ஒளிப் படமும் உண்டு. ஐவஸ் 100–150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும் என்றால் ஓசிடி 10–20 மைக்ரான் வரை காட்டும், ஆனால் தடித்த திட்டுக்குப் பின்னால் ஒளி போகாது. இரண்டுமே தமனிக்குள் கம்பி விட்டுச் செய்வது. கம்பியே இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் உங்கள் அப்பாவுக்கு எடுத்த சிடி, அதில் ஒரு புள்ளி சுமார் அரை மில்லிமீட்டர்.

வடிவம் கிடைத்ததும் அதை லட்சக்கணக்கான, சில சமயம் சில பத்து லட்சம் குட்டிக் கட்டங்களாக உடைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரத்தம் எப்படி நகரும் என்று கம்ப்யூட்டரில் தீர்க்கிறோம். விமானம் வடிவமைப்பவர்கள் போடும் அதே வகைக் கணக்கு. உள்ளே எவ்வளவு இரத்தம் நுழைகிறது, கிளைகளில் எப்படிப் பிரிகிறது என்று நாம் சொல்ல வேண்டும், அதை நேரடியாக அளக்க வசதி இல்லாவிட்டால் ஊகம்தான், கிளையின் அகலத்தை வைத்துப் பிரித்துவிடுவது வழக்கம். சுவர் விறைப்பானது, இதயம் அசையவில்லை என்றெல்லாம் வைத்துக்கொள்வோம். கேட்கத் திகிலாக இருக்கும், ஆனால் சராசரி ஷியருக்கு இவற்றால் வரும் பிழை அவ்வளவு பெரிதில்லை.

பெரிய பிழை அகலத்தில் இருக்கிறது. ஒரு நேரான குழாயில் சுவர் ஷியர், ஓட்டத்துக்கு நேர் விகிதம், விட்டத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, எதிர் விகிதம். 3 மில்லிமீட்டர் தமனியில் நிமிடத்துக்கு 60 மில்லி ஓடினால் சுமார் 1.3 பாஸ்கல் வரும். அதே ஓட்டம் 1.5 மில்லிமீட்டர் இடுக்கு வழியாகப் போனால் எட்டு மடங்கு, பத்து பாஸ்கலைத் தாண்டிவிடும். இப்போது பாருங்கள், சிடியில் ஒரு புள்ளியே அரை மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் தமனியை 2.7 என்று குறித்துவிட்டால், ஒரு புள்ளியின் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் தவறு, விடை 37% ஏறிவிடும். 1.0 பாஸ்கல் ஆபத்துக் கோடு என்று வைத்தால் 0.9 என்பது 1.2 ஆகி, ஆபத்தான இடம் நல்ல இடமாகிவிடும். சுண்ணாம்பு படிந்த திட்டு சிடியில் வெள்ளையாகப் பூத்து உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், வழி இன்னும் குறுகலாகத் தோன்றும். போதாததற்கு, படம் தெளிவாக வர வேண்டும் என்று நாக்குக்கு அடியில் நைட்ரேட் கொடுத்துத் தமனியை விரித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள், அப்பாவுக்கும் கொடுத்திருக்கலாம். அந்த அகலத்தில் அப்பா மாடி ஏறுவதில்லை.

என் கதை ஒன்று. புதிதாகச் சேர்ந்தபோது ஒரு தமனிக்கு நானும் பக்கத்து இருக்கைக்காரரும் தனித்தனியாக எல்லை வரைந்து கணக்குப் போட்டோம். இரண்டு படமும் அழகு, நீலம் பச்சை சிவப்பு எல்லாம் இருந்தது. என் படத்தில் ரத்தச் சிவப்பாக இருந்த இடம் அவர் படத்தில் சாந்தமான பச்சை. அந்த ஓரத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளியை நான் சுவர் என்றேன், அவர் பாதியை வழி என்றார். எங்கள் மேற்பார்வையாளர் இரண்டையும் பார்த்துவிட்டு, எது சரி என்று எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். தெரியாதுதான். உயிருள்ள இதயத் தமனியில் ஷியரை நேரே அளந்து ஒப்பிட வழியே இல்லை. கண்ணாடி, சிலிக்கோன் மாதிரிக் குழாய்களில் துகள்களை ஓடவிட்டுச் சரிபார்க்கலாம், ஆளுக்குள் முடியாது.

இத்தனை ஓட்டை இருந்தும் இந்தக் கணக்கு வேலை செய்கிறதா? கூட்டமாகப் பார்த்தால், செய்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் ஸ்டோன் தலைமையில் ஜப்பானில் 506 நோயாளிகளிடம் ஐவஸ் வைத்துச் செய்த பிரெடிக்‌ஷன் என்ற ஆய்வு 2012இல் வெளிவந்தது. மாரடைப்பு மாதிரியான நிலையில் வந்தவர்களின் தமனிகளை 3டியில் கட்டி, 6–10 மாதம் கழித்துத் திரும்பப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஷியர் குறைந்த இடத்தில் திட்டு வளர்ந்திருந்தது. ஆரம்பத்திலேயே பெரிய திட்டு, கூடவே குறைந்த ஷியர், இரண்டும் சேர்ந்த இடம்தான் பிற்பாடு சிகிச்சை வேண்டிய அளவுக்கு மோசமாகியது. ஆனால் எண்களைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த இடம் மோசமாகாது என்று சொன்னது 92% சரி. இரண்டும் இருந்தால் மோசமாகும் என்று சொன்னது 41% மட்டுமே சரி. பிழைக்கும் என்று சொல்வதில் கெட்டிக்காரக் கணக்கு, கெடும் என்று சொல்வதில் பூவா தலையா சுண்டுவதைவிடக் கொஞ்சம் கீழே. எதற்கும் ஒரு ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று இதை நம்பிப் போக முடியாது.

ஃபிரை திரும்பி வருவது இங்கேதான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் 20 நோயாளிகளை வைத்து 2011இல் வந்த சின்ன ஆய்வில், குறைந்த ஷியர் இடங்களில் திட்டு வளர்ந்தது, ஆனால் அதிக ஷியர் இடங்களில் திட்டின் குணம் மாறியது, உள்ளே செத்த கூழ் கூடியது, வெடிக்கக்கூடிய வகைக்கு நெருங்கியது. 2019இல் எமரால்ட் என்ற ஆய்வு, மாரடைப்பு வந்த 72 பேருக்கு அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் எடுத்திருந்த சிடியைத் தேடிப் பிடித்துப் பார்த்தது. வெடித்த திட்டுகளின் மேல் ஷியர் மற்றத் திட்டுகளைவிட அதிகமாகவே இருந்தது. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் யோசித்தால் கதை ஓடுகிறது: மந்தமான இடத்தில் திட்டு பிறக்கிறது, வளர்ந்து வழியைக் குறுக்குகிறது, குறுகியதும் அதே இடத்தில் வேகம் ஏறி ஷியர் பல மடங்காகிறது. அதனால் ஒரே ஒரு நாள் எடுத்த படத்தில் குறைந்த ஷியரும் கெட்டது, அதிக ஷியரும் கெட்டது என்று வரும், திட்டு எந்த வயதில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த நிறங்களைப் படிக்க முடியாது. தவிர, குறைவு என்பதற்கு ஒருவர் 1 பாஸ்கல் என்பார், இன்னொருவர் அந்தத் தமனியிலேயே கீழ் மூன்றில் ஒரு பங்கு என்பார். பொதுக் கோடு இன்னும் இல்லை.

நீங்கள் படித்ததில் இன்னொரு விஷயமும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன், எஃப்எஃப்ஆர்-சிடி. அதுவும் சிடியிலிருந்து 3டி தமனி கட்டி, அதே வகைக் கணக்கைப் போடுவதுதான், ஆனால் கேட்கும் கேள்வி வேறு. இந்த அடைப்பைத் தாண்டும்போது அழுத்தம் எவ்வளவு விழுகிறது, அதாவது இப்போது இதயத் தசைக்கு இரத்தம் போதுமா? கம்பி விட்டு அளக்கும் எஃப்எஃப்ஆர் என்ற சோதனை ஏற்கெனவே இருந்தது, அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அதற்கு முன்னால் உள்ளதால் வகுத்த விடை 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு தடுக்கிறது என்று பொருள். 2009இல் ஃபேம் ஆய்வில் 1,005 பேரிடம் இதை வைத்து ஸ்டென்ட் முடிவு எடுத்தபோது ஒரு வருடத்தில் பெரிய பாதிப்புகள் 18.3%இலிருந்து 13.2% ஆகக் குறைந்தன. கணக்கு போட்ட விடையைக் கம்பி அளந்த விடையோடு வைத்துச் சரிபார்க்க முடிந்தது என்பதுதான் இதன் பெரிய பலம், ஷியருக்கு அந்தக் கம்பி இல்லை. ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் எஃப்எஃப்ஆர்-சிடிக்கு 2014இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. அதை ஆரம்பித்த இருவரில் ஒருவரான கிறிஸ்டோபர் சாரின்ஸ், 1980களில் கிளகோவோடு சேர்ந்து கழுத்துத் தமனியில் குறைந்த ஷியர் இடங்களில்தான் நோய் என்று காட்டியவர்களில் ஒருவர். ஷியரில் ஆரம்பித்த ஆள் கடைசியில் கடைக்குக் கொண்டுவந்தது அழுத்தக் கணக்கை!

இனி அப்பா. 30–40% என்றால் ரிப்போர்ட்டில் கேட்-ராட்ஸ் (சிடியில் அடைப்பைத் தரம் பிரிக்கும் முறை) 2 என்று போட்டிருப்பார்கள், 25–49% எல்லாம் அந்த வகை. எஃப்எஃப்ஆர்-சிடியை அமெரிக்க வழிகாட்டி 40–90% அடைப்புக்குத்தான் பயன்படலாம் என்கிறது, அப்பா அதன் வாசலில்கூட முழுசாக இல்லை. ஷியர் கணக்கு ஆராய்ச்சிக் கூடத்து விஷயம், அதற்காக ஐவஸ் குழாயை உள்ளே விடச் சொல்லிக் கேட்பது வேண்டாத வேலை. ஆனால் ஷியர் எதைத் தேடுகிறதோ அதன் நிழல் கையிலிருக்கும் சிடியிலேயே கொஞ்சம் தெரியும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஹெச்ஆர்பி, அதாவது ஆபத்து அதிகமான திட்டு, என்று மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், பழைய முறை ரிப்போர்ட் என்றால் வி என்று ஒற்றை எழுத்து. திட்டு வெளிப்பக்கம் விரிந்திருப்பது, உள்ளே மென்மையான கொழுப்பு இருப்பது, சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகள், திட்டைச் சுற்றி மோதிரம் போல் ஒரு விளிம்பு, இவற்றில் இரண்டு இருந்தால் அப்படிப் போடுவார்கள். எழுதாமல் இருந்தால், பார்த்துவிட்டு இல்லை என்று விட்டார்களா, பார்க்கவே இல்லையா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

மாத்திரை மட்டும்தானா என்று உங்கள் எழுத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், சிடி எடுத்த பக்கம் ஐந்து வருடத்தில் மாரடைப்போ இதயநோய் மரணமோ 2.3%, எடுக்காத பக்கம் 3.9%. இரண்டு பக்கமும் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். சிடியில் திட்டைக் கண்ணால் பார்த்ததால் அந்தப் பக்கம் சரியான ஆட்களுக்கு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தன, வித்தியாசத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது அதுதான். உங்கள் டாக்டர் செய்திருப்பதும் அதையேதான்.

கடைசியாக ஒரு வேலை. கையில் கொடுத்த தாளில் நாலைந்து படம்தான் இருக்கும், ஸ்கேன் சென்டரில் மூலக் கோப்பு சில நூறு வெட்டுகளாகக் கிடக்கும். அதை ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கி வையுங்கள், அங்கே காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். பின்னால் அப்பாவுக்கு நெஞ்சுப் பிடிப்பு கூடி மறுபடி சிடி எடுக்க நேர்ந்தால், பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் திட்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இப்போதே எஃப்எஃப்ஆர்-சிடி வேண்டும் என்று டாக்டரே சொன்னாலும் படம் தெளிவாக இருந்தால் அந்தக் கோப்பே போதும், இன்னொரு தடவை சாயம் ஏற்ற வேண்டியதில்லை.